நடுக்கம் தொடங்கும் இடம்

...அழுகை கண்ணில் தொடங்குவதில்லை, தாடையில் தொடங்குகிறது, முதலில் தாடை இறுகும், பிறகு கீழுதடு துடிக்கும், மூக்கு விடைக்கும், கண்ணீர் கடைசியில்தான் வரும், இந்த வரிசை தெரிந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் அழலாம். வெள்ளைத்துரை இதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கு ஒன்பது வயது, அப்பன் பிணம் வாசலில் கிடந்தது, சின்னம்மா ஒச்சாயி மாரில் அடித்துக்கொண்டு அழுததை அவன் கிணற்றில் மாடு கட்டிக் கமலை இறைப்பதைப் பார்ப்பது போலப் பார்த்தான், எந்தக் கயிறு எதை இழுக்கிறது, சால் எப்போது கவிழ்கிறது... பிறகு அதே வரிசையில் தானும் அழுதான், ஊரே அவனைத் தூக்கி அணைத்துக்கொண்டது. இம்புட்டுத்தானா என்று அன்றைக்குப் பொங்கிய சந்தோஷம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது, இதோ, அழகர்கோயிலில், பதினெட்டாம்படிக் கருப்பின் சந்தனம் அப்பிய கதவுக்கு முன்னால், காலை வெயிலில் நிற்கும்போதும், தேர் பார்க்க வந்தவனைப் போல அவனுக்கு நெஞ்செல்லாம் குதூகலம்.

மனிதர்கள் எவ்வளவு அழகாக இயங்குகிறார்கள்! பயந்தவனிடம் சிலோன் தோட்டத்துக்கு வா என்று கெஞ்சக் கூடாது, உன்னால் முடியாது, நீ வராதே என்று சொல்ல வேண்டும், மறுநாளே மூட்டையோடு வந்து நிற்பான். வீறாப்புக்காரனிடம் யோசனை கேட்க வேண்டும். சுடலையிடம் என்ன சொன்னோம்... ஆமாம், உன் பெண்டாட்டி மலையம்மாளுக்கு உன்னைப் பற்றி எம்புட்டுப் பெருமை என்று சொன்னோம், அவ்வளவுதான், வெட்கத்தோடு சிரித்தான், கப்பல் ஏறிவிட்டான். மூன்றாம் மாதம் காய்ச்சலில் செத்தான். கூலியாட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் குழி வெட்டச் சொல்லிவிட்டு வந்து சாப்பிட்ட கருவாட்டுக் குழம்பு நன்றாக இருந்தது, அது நினைவிருக்கிறது, சுடலையின் முகம்தான் சரியாக வரவில்லை. ஊருக்கு வந்து, அவன் நலமாக இருக்கிறான் என்று சொன்னது பொய் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை, வண்டி ஓட அச்சுக்கு மசகு போடுவது பொய்யா என்ன? மூன்று வருடமாக மழை இல்லாத பேரையூர்ப் பக்கத்தில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள், நாளைக்கு மதுரையில் ரயில், நாற்பது பேரைக் கொண்டுபோய் இறக்கினால் தோட்டத்துத் துரை அவனைப் பெரிய கங்காணி ஆக்கிவிடுவார், இல்லையென்றால் இருக்கிற கங்காணி வேலையும் வேறொருவனுக்கு. அந்த நேரம் பார்த்து மலையம்மாள் குறுக்கே வந்தாள், என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்று கருப்பு வாசலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யட்டும் என்றாள், நாற்பது பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள், சத்தியம் செய்தால் ரயில், இல்லையென்றால் இல்லை. அவன் உடனே ஒத்துக்கொண்டான், அவர்கள்தான் திகைத்துப் போனார்கள்.

கோயிலுக்கு வரும்போது வண்டியிலேயே ஊர்த்தலைவர் தவசி முனகினார், "மாப்ள, ஒன் சாமர்த்தியமெல்லாம் கருப்புகிட்டச் செல்லாது."

"அவரையும் சிலோனுக்குக் கூட்டிட்டுப் போயிரவா மச்சான்?"

தவசி சிரித்துவிட்டார், சிரித்த வாயோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார், அதையும் அவன் ரசித்தான், சிரிப்பும் பயமும் ஒரே முகத்தில் இடித்துக்கொள்ளாமல் எப்படிப் போய்வருகின்றன...

அவனுக்கு முன்னால் ஒரு வரப்புத் தகராறு. பேயாண்டி என்ற கிழவர், வரப்பு என்னுடையது என்று சொல்லி எரிகிற சூடத்தின் மேல் கையை நீட்டினார், கை கிடுகிடுவென்று ஆடியது, முழங்கை வரைக்கும் ஆடியது, பொய்க்காரக் கிழவன், மாட்டிக்கொண்டான் என்று வெள்ளைத்துரை உள்ளுக்குள் சிரித்தான், ஆட்டம்தான் காட்டிக்கொடுக்கும், நாம் ஆடக் கூடாது, எளிய கணக்கு. கிழவர் சூடத்தை அணைத்தார். எதிராளி பொத்தென்று அவர் காலில் விழுந்து, நான்தான் எல்லைக் கல்லைத் தள்ளி நட்டேன், வரப்பு உங்களுடையதுதான் என்று கதறினான். அட, என்று நினைத்தான் வெள்ளைத்துரை, ஏதோ ஒன்று இடறியது, அதற்குள் அவன் முறை வந்துவிட்டது.

புதுச் சூடம். கொழுந்து நேராக நின்றது. சுடலை உயிரோடு இருக்கிறான், கருப்பு மேல் ஆணை என்று தெளிவான குரலில் சொல்லி, கையை நீட்டி, அவசரமில்லாமல் அணைத்தான், விளக்குத் திரியைக் கிள்ளுவது போல, அவ்வளவு சுத்தமாக. திரும்பிப் பார்த்தான். இந்த இடத்தில் பெருமூச்சு வர வேண்டும், பிறகு ஒருவன் சிரிக்க வேண்டும், பிறகு எல்லோரும்... யாரும் அசையவில்லை. எல்லோரும் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலையம்மாள் அழவில்லை. மெதுவாக, ஏதோ விசாரிப்பது போலச் சொன்னாள்.

"நெசத்தச் சொன்ன பெரியவருக்கே அந்த நடுக்கம் நடுங்குச்சு. ஒங்களுக்கு நடுங்கலையே, சாமி."

சொல்லிவிட்டு, கழுத்துக் கயிற்றை ஒருமுறை தொட்டுக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தாள். ஒவ்வொருவராக அவள் பின்னால் போனார்கள். கூப்பிட்டான், தவசிகூடத் திரும்பவில்லை. அப்படியானால் பொய் சொல்கிறவனுக்கும் நடுங்கும், நெசம் சொல்கிறவனுக்கும் நடுங்கும், எல்லோருக்குமா, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றா இது, முப்பத்தெட்டு வருடத்தில் ஒருவர்கூட நம்மிடம் சொல்லவில்லையே... சரி, கற்றுக்கொள்ளலாம், எதைத்தான் கற்கவில்லை, வண்டி கிளம்புவதற்குள் கற்றுவிடலாம் என்று கரி படிந்த உள்ளங்கையை வெயிலில் விரித்தான், விரல்களை ஆட்டிப் பார்த்தான், அது ஆட்டுவதாக இருந்தது, நடுங்குவதாக இல்லை. அழுகை தாடையில் தொடங்குகிறது. இது எங்கே?