லியோவுக்கு இந்த வருஷம் இருபத்துநாலு

செத்துப்போனவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் என் கடைக்கு வருகிறார்கள். ஊரில் ஒருத்தரிடமும் முகம் கொடுத்துப் பேசாத மனிதராக இருந்திருப்பார். மகன் கொண்டுவரும் படத்தில் மட்டும், கல்யாண வீட்டுப் பந்தியிலிருந்து எழுந்து வந்த திருப்தியோடு சிரிப்பார். பின்னால் நிற்கிற ஆட்களை வெட்டி எடுத்துவிட்டு, நீல வானமும் இரண்டு புறாவும் போட்டுக் கொடுப்பேன். குத்தாலம் கடைவீதியில் ஹமீதா பானு ஃப்ளெக்ஸ் கடை என்றால் யாரும் வழி சொல்வார்கள். கண்ணீர் அஞ்சலி, நினைவு நாள் எல்லாம் அடிப்பேன். ஃப்ரீசர் பெட்டி, பந்தல், வண்டி என்று எது கேட்டாலும் என் போனில் நம்பர் இருக்கும். அழுதுகொண்டே வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது அளவு என்ன என்பதுதான். கல்நெஞ்சக்காரி என்று சிலர் சொல்வதும் காதில் விழுகிறது. பக்கத்தில் ஒருத்தியாவது அழாமல் இருந்தால்தான் போஸ்டரில் பெயர் மாறாமல் வரும்.

எங்கள் வீடுகளில் இறந்தவர் படத்தைச் சுவரில் மாட்டுகிற வழக்கமும் கிடையாது. என் அத்தாவுக்கு நான் ஒரு துண்டுக் காகிதம்கூட அடித்ததில்லை. அதனால் படத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களைக் கொஞ்சம் தள்ளி நின்றே பார்ப்பேன்.

மிக்கேல்ராஜ் அண்ணனையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதிர் அறுக்கிற மெஷின் வைத்து வாடகைக்கு விடுகிறவர். மனைவி விண்ணரசி, பிள்ளைகள் சின்னதாக இருக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். பையன் லியோவையும் அவனுக்கு இரண்டு வயது இளையவளான லின்சியையும் அவர்தான் தனியாளாக வளர்த்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில் ரோட்டோரம் காயப்போட்டிருந்த நெல்லில் பைக் சறுக்கி லியோ இறந்துபோனான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தான்.

முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு, இறந்தபோது அடித்த அதே படத்தைப் போட்டுக் கொடுத்தேன். மறு வருஷம் வந்தவர், திரையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"மீசையைக் கொஞ்சம் கெட்டியா வச்சு விடும்மா. அவனுக்கு இப்ப இருபது ஆச்சு."

வழுக்கைத் தலைக்கு முடி வைத்துக் கொடுத்திருக்கிறேன். பல் விழுந்தவருக்குப் பல் கட்டியிருக்கிறேன். மீசைக்கு என்ன என்று வைத்துக் கொடுத்தேன். அடுத்த வருஷம் கன்னத்தைக் கொஞ்சம் சதைப்பிடிப்பாக்கச் சொன்னார். அதற்கடுத்த வருஷம், "எங்க வம்சத்துல இந்த வயசுல எல்லாருக்கும் கண்ணாடி வந்துடும்" என்று கண்ணாடி கேட்டார். பிறகு வயதைக் கூட்டிக் காட்டுகிற ஆப் எல்லாம் வந்துவிட்டது. எனக்கும் வேலை மிச்சம். தோற்றம், மறைவு என்று போட்டிருக்கிற தேதிகளைக் கழித்துப் பார்த்தால் பதினெட்டு வரும். மேலே படத்தில் இருக்கிறவனோ ஆபீசுக்குப் புறப்பட்ட ஆள் மாதிரி நிற்பான். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்த வெளியூர்க்காரர்கள் உண்டு. டீக்கடையில் கேலியும் உண்டு. அடுத்த வருஷம் தொப்பை வைக்கச் சொல்வார் என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

இந்த வருஷம் லின்சிக்குக் கல்யாணம் கூடிவந்தது. நீடாமங்கலத்து மாப்பிள்ளை. தவக்காலம் முடிந்து, ஈஸ்டருக்கு அடுத்த வாரம் தேதி வைத்திருந்தார்கள். மிக்கேல்ராஜ் அண்ணன் வந்து, சன்போர்டு அட்டையில் ஆளுயரத்துக்கு லியோவை வெட்டி நிற்க வைக்கணும் என்றார்.

"மச்சான் நிக்கிற எடத்துல நிக்கணும்மா. இல்லாட்டி மேடை மொட்டையா இருக்கும். கோட்டு சூட்டு போட்டு விடு. இருபத்துநாலு வயசுப் பையன், தங்கச்சி கல்யாணத்துக்கு அப்படித்தானே வருவான்?"

அதையும் செய்தேன். கருநீலக் கோட்டும் டையும் ஃப்ரேம் இல்லாத கண்ணாடியும் போட்டு, பேங்கில் மேனேஜர் வேலை கேட்டால் உடனே கொடுத்துவிடுகிற மாதிரி ஒரு லியோ தயாரானான். மிக்கேல்ராஜ் அண்ணன் வந்து சரி சொன்னதும் மயிலாடுதுறைக்குப் பிரிண்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆனால் அவருக்கு முன்னால் லின்சி வந்து நின்றாள். கல்யாணப் பத்திரிகைக்கு வந்திருப்பாள் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவரை எனக்குத் தெரியாதுக்கா" என்றாள்.

"என்ன இப்படிச் சொல்ற? உங்கண்ணன்தான்."

"எங்கண்ணனைப் போய் யாராவது அவரு இவருன்னு சொல்லுவாங்களா? இந்தாளைப் பாத்தா எனக்கு அப்படித்தான் வாயில வருது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்பா வருஷா வருஷம் வீட்டுல இருக்கற படத்தைக் கழட்டிட்டுப் புதுசை மாட்டிடறாரு. என் பழைய போனும் செத்துப்போச்சு. கண்ணை மூடினா இந்தக் கண்ணாடிக்காரர்தான்க்கா வர்றாரு. அண்ணன் முகம் வரவே மாட்டேங்குது. பரு இருக்கும். எந்நேரமும் கண்ணாடி முன்னாடி நின்னு கிள்ளிக்கிட்டு இருப்பான். எந்தக் கன்னத்துலன்னுகூட மறந்துடுச்சு. முதல்ல குடுத்த படம் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு. இறந்தவங்க படத்தை நான் அழிக்கறதில்ல."

"என் கல்யாணத்துல அவன் நிக்கட்டும்க்கா. இவரு வேண்டாம்."

ஆர்டர் கொடுத்தது உங்க அப்பா, அவரைக் கேட்காமல் நான் எதுவும் செய்ய முடியாது என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவரே வந்துவிட்டார். மகள் அங்கே இருப்பதைப் பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

"நீ எங்க பாப்பா இங்க?"

"அப்பா, மேடையில பழைய அண்ணனை வைங்கப்பா."

"பழைய அண்ணன், புது அண்ணன்னு ரெண்டு பேரா? இருந்திருந்தா இப்படித்தான் இருப்பான்."

"இருந்திருந்தாத்தானே? அவன் பதினெட்டோட போயிட்டான்ப்பா. எனக்கு இருபத்திரண்டு. நான் இப்ப அவனுக்கு அக்கா."

மிக்கேல்ராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். எப்போதும் போல அவர் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் கீபோர்டைத் துடைத்தேன்.

"அம்மா படமும்தான் மேடையில வைக்கப்போறீங்க" என்று லின்சி விடாமல் கேட்டாள். "அம்மா இன்னும் முப்பத்திரண்டு வயசுலயேதான் இருக்காங்க. அவங்களுக்கு ஒரு நரை வைங்கன்னு நீங்க கேட்டதே இல்லையே. இவனை மட்டும் ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?"

எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. கல்யாணப் பெண் இவ்வளவு கெஞ்சுகிறாள், மனிதர் தூண் மாதிரி நிற்கிறாரே என்று இருந்தது. "அந்தப் பொண்ணு கேக்கறதுல என்னண்ணே தப்பு?" என்று சொல்லிக்கொண்டே, யாரையும் கேட்காமல் பழைய ஃபோல்டரைத் திறந்து முதல் படத்தைத் திரை முழுக்க வைத்தேன்.

எனக்கே அவன் முகம் மறந்துபோயிருந்தது. பாலிடெக்னிக் சேர்க்கைக்கு எடுத்த படம். சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருந்தது. மீசை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் உதட்டை இறுக்கி வைத்திருந்தான்.

"இந்தக் கன்னத்துல!" என்று லின்சி கத்தினாள். திரையில் அந்தப் பருவைத் தொட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். "இவன்தான்க்கா. எருமை. பாருங்கப்பா, நம்ம எருமையைப் பாருங்க."

மிக்கேல்ராஜ் அண்ணன் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார். குனிந்து பார்த்தார்.

"இவ்வளவு சின்னப் புள்ளையாவா இருந்தான்?"

"பதினெட்டு வயசுதானேண்ணே" என்றேன்.

"இவனுக்கா நான் வண்டி வாங்கிக் குடுத்தேன்?"

அவர் அதை எங்களிடம் கேட்கவில்லை.

"இப்ப எதுக்குப்பா வண்டின்னு இவ சொன்னா. அப்ப ஸ்கூல் போற புள்ள இவ, இவளுக்குத் தெரிஞ்சது. நான்தான், அவன் வளந்த ஆளு, சமாளிச்சுக்குவான்னு..." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "மூஞ்சியப் பாரும்மா. வளந்த ஆளா இது?"

ஆறு வருஷமாக அவர் மகனுக்கு வயதைக் கூட்டிக்கொண்டே வந்தது பாசத்தால் மட்டும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டி ஓட்டத் தகுந்த ஆளாக அவனை ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அதற்கு மீசை வைத்துக் கொடுத்துவிட்டு டீக்கடையில் சிரித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

லின்சியின் விரல் இன்னும் திரையில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

"அதை மூடிடுங்கக்கா."

"எதை?"

"அந்தப் படத்தை. கோட்டு போட்டதை எடுங்க."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கோட்டுக்கார லியோவை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தேன். அவள் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, துணிக்கடையில் புடவை பார்க்கிறவள் மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான்ப்பா இருக்கு. மொதல்ல சட்டுன்னு பாத்ததுல எனக்குப் பிடிபடல. டையை மட்டும் என் ரிசப்ஷன் புடவைக் கலருக்கு மாத்தச் சொல்லலாமா? அண்ணனும் தங்கச்சியும் ஒரே கலர்ல நின்னா எடுப்பா இருக்கும்."

அவர் மெதுவாக நிமிர்ந்தார். மகள் சொன்னது மனதில் ஏற அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "மாத்தலாம் பாப்பா" என்றார். "மெரூன்தானே?"

"மெரூன்தான்."

அவர் வண்டியில் இருக்கிற தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போன நேரத்தில், அந்தப் பழைய படத்தை உன் போனுக்கு அனுப்பட்டுமா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அப்பா எப்பவாவது என் போனை எடுத்துப் பாப்பாருக்கா. உங்ககிட்டயே இருக்கட்டும்."

கடை வைத்த நாளிலிருந்து யார் முன்னாலும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. டையின் நிறத்தை மாற்றுகிற சாக்கில் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கோயில் பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்தபோது, மெரூன் டை கட்டிய லியோ மேடையில் நின்றுகொண்டிருந்தான். வந்தவர்களை எல்லாம் மிக்கேல்ராஜ் அண்ணன் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் காட்டினார். "எங்க மூத்தவன்" என்றார். சாப்பிடுவதற்கு முன்னால் போட்டோகிராபர் பெண் வீட்டாரைக் கூப்பிட்டார். அப்பா ஒரு பக்கமும் லின்சி ஒரு பக்கமும் நடுவில் அவனுமாக நிறுத்தினார்.

"அண்ணன் பக்கத்துல இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்கம்மா" என்றார்.

லின்சி, தனக்குத் தெரியாத அந்த ஆளின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தாள்.