காது வில்லை

...அறுத்துவிட்டுப் புதைத்திருந்தால் இந்நேரம் வேலை முடிந்திருக்கும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், மாடு செத்தால் முதலில் காதை அறுத்து நம்பர் போட்ட அந்த மஞ்சள் வில்லையைப் பால் சொசைட்டியில் கொடுத்துவிடுவார்கள், பிறகுதான் அழுவார்கள், நான் மட்டும் பெரிய தர்மப்பிரபு, செத்த பிறகும் செவலைக்கு வலிக்குமென்று நினைத்தேனா... மண்வெட்டி கல்லில் பட்டுத் தெறிக்கிறது, கை மரத்துவிட்டது, வெயில் மண்டையைப் பிளக்கிறது, இன்றைக்கு ஒரு மணிக்கு சொசைட்டியில் மானியப் பட்டியலை மூடிவிடுவார்கள். செவலை செத்த அன்றைக்கே மனைவி கத்தியோடு வந்தாள். "நீங்க அந்தப் பக்கம் போங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். விட்டேனா? கத்தியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். பதினோரு வருடம் பால் கொடுத்தவள், ஏழு கன்று போட்டவள், முழுசாகப் போகட்டும் என்றேன். மூன்று வாரம் ஆகிறது, இப்போது முழுசாகவா இருப்பாள்?

சொசைட்டி எழுத்தர் நல்ல மனிதர்தான், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல், கெட்டவனாக இருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். "பட்டியல்ல ரெண்டு மாடு இருக்கு, நீங்க ஊத்தறது ஒரு மாட்டுப் பால். இன்னொண்ணோட பால வெளிய விக்கறீங்கன்னுதானே மேல எழுதி மானியத்த நிறுத்துவாங்க?" செத்துப்போச்சு சார் என்றேன். "அப்ப வில்லையக் கொண்டாங்கண்ணே, பட்டியல்லேர்ந்து நானே அடிச்சு விட்டுடறேன்." புதைச்சிட்டேன் என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார், சிரிப்பாரோ என்று பயந்தேன், சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. ஆறு மாத மானியம் நிற்கிறது. அது வந்தால் தீவனக் கடைக்காரர் மறுபடி மூட்டை இறக்குவார், வராவிட்டால் நாளைக் காலை தரகர் வந்து தொழுவத்தில் நிற்கும் கறுப்பியையும் ஓட்டிக்கொண்டு போவார். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் வெறும் தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். செத்தவளுக்கு மரியாதை செய்யப்போய் உயிரோடு இருப்பவளை விற்கப்போகிறேன், இந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

இடுப்பளவு இறங்கிவிட்டேன். நாற்றம், துண்டை மூக்கில் கட்டியும் பயனில்லை. மண்வெட்டி எதிலோ பட்டது, கல் இல்லை... கையால் மண்ணைத் தள்ளினேன், குளம்பு. கண்ணை மூடிக்கொண்டேன். மேலே நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது பின்னங்காலுங்க."

ஆமாம், பின்னங்கால். நான்தானே கிடத்தினேன், தலையை வேலிப் பக்கம் வைத்து, கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, முகத்தின்மேல் கடைசியாக மண் போட்டவனும் நான்தானே. காலையிலிருந்து அதற்கு எதிரே, கிணற்றுப் பக்கமாகவே தோண்டிக்கொண்டிருக்கிறேன். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், வாய் வரைக்கும் வந்தது. ஆனால் முதல் வெட்டு போடும்போதே தெரியும், இந்தப் பக்கம் காது இல்லை என்று எனக்குத் தெரியும்.

"மணி என்ன?" என்றேன்.

"பன்னெண்டரை."

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள், மண்வெட்டிக்காகக் கையை நீட்டினாள். கொடுத்துவிடத்தான் நினைக்கிறேன்... விரல்கள் பிரிய மாட்டேன் என்கின்றன.