கட்டியவர் பெயர்

வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குக் கொட்டகையில் இருந்தவர்கள்: ஆர்லிஸ் ஹூஸ்பி, வயது அறுபத்து மூன்று, விதவையாகி மூன்று நாள். அவள் கணவனின் தம்பி கார்டன், சர்ச்சுக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு. சோதனை அதிகாரி லைல் குபாஸ்டா, அங்கே நின்ற சிறு விமானத்தின் வயிற்றுக்கடியில் மல்லாந்து, கையில் டார்ச்சோடு.

டெல்மர் இல்லை. பதினொரு மணியிலிருந்து அவன் சர்ச்சுக்குப் பின்னால் மண்ணுக்கடியில் இருந்தான்.

"சோதனைத் தேதிய மாத்தியிருக்கலாம்ல," என்றான் கார்டன். "அங்க ஜனங்க இன்னும் சாண்ட்விச் சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"அடுத்த தேதி ஏப்ரல்ல. சாண்ட்விச்சுக்கு நான் எதுக்கு?"

குபாஸ்டா அடியிலிருந்து வெளியே வந்து முழங்காலைத் தட்டினார். "லேண்டிங் கியர் பழசு."

"பழசுதான். வால், எஞ்சின், சீட் சட்டமும் பழசு. அதெல்லாம் எங்க கணக்குல எழுதல. உடம்புக் குழாய் முழுக்கப் புதுசு. ரெண்டு இறக்கையும் புதுசு."

அவர் தலையாட்டினார். பழைய விமானத்தைப் புதுப்பித்தால் அது பழைய விமானம்தான். என்ன பூசினாலும் சட்டம் அதை அப்படித்தான் பார்க்கும். பாதிக்கு மேல் சொந்தக் கையால் செய்து காட்டினால்தான் வீட்டில் கட்டியது என்று எழுதுவார்கள். 1946-இல் விஸ்கான்சின் வயல் ஒன்றில் மூக்கு மண்ணில் குத்தி விழுந்த இந்த விமானத்தை ஆறு வருடம் முன்பு டெல்மர் ஏலத்தில் எடுத்தபோது அதன் உடம்பு துருவாக உதிர்ந்தது. "நல்லதாப் போச்சு," என்றான் அன்று. "உருப்படியா இருந்திருந்தா சட்டம் நம்மள விட்டிருக்காது."

அதே வருடம் அவன் இதயம் மக்கர் செய்தது. பறக்கும் உரிமத்தை டாக்டர் பிடுங்கிக்கொண்டார். ஆர்லிஸின் உரிமம் பத்திரமாக இருந்தது.

குபாஸ்டா மேசையில் கிடந்த நான்கு தடித்த பதிவேடுகளைப் புரட்டினார். பக்கத்துக்கு இரண்டு படம். கீழே டெல்மரின் கோழிக்கிறுக்கல்: இன்று இடது இறக்கைக்குத் துணி போர்த்தினேன். இன்று இறக்கையின் பதினான்கு விலாச் சட்டங்களில் துணியைக் கட்டி முடிச்சுப் போட்டேன்.

"எல்லாம் அவரு எழுதினதுதானே?"

"ஆமா."

"அப்ப கட்டினது அவருன்னுதான் போடணும்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்று கார்டன் முன்னால் வந்தான். கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "கட்டினது தான்னு திங்கக்கிழமையே டெல்மர் கையெழுத்துப் போட்டுச் சான்று முத்திரையும் வாங்கிட்டான். இந்தாங்க."

ஆர்லிஸ் இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். அதே படிவம். கட்டியவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். வியாழக்கிழமை, சவப்பெட்டி பார்த்துவிட்டுப் பூக்கடைக்குப் போகும் வழியில், வங்கியில் முத்திரை வாங்கியிருந்தாள்.

கார்டனுக்கு முகம் சிவந்தது. "ஆர்லிஸ், நூத்தி இருபது பேர் முன்னால பாஸ்டர் சொன்னாரு. சாகக் கிடந்த மனுஷன் தன் கையால விமானம் கட்டினான்னு. எல்லாரும் அழுதாங்க."

"பாஸ்டருக்கு வெல்டிங் தெரியாது."

"அவன் பேரக் கெடுக்கிறியா? இன்னிக்கா?"

"செத்தவன் வருஷா வருஷம் வந்து போல்ட் பார்ப்பானா? வருஷச் சோதனைய தானே செஞ்சு கையெழுத்துப் போடுற உரிமத்தைக் கட்டினவங்களுக்குத்தான் தருவாங்க. மத்தவங்க மெக்கானிக்கைத் தேடிக்கிட்டு அலையணும்."

"அது மட்டுந்தானா?"

அவள் தன் தாளைக் குபாஸ்டாவின் பக்கம் நகர்த்தினாள்.

குபாஸ்டா இரண்டு தாள்களையும் தொடவில்லை. பதிவேட்டைத் திரும்பவும் முதலிலிருந்து புரட்டினார். படங்களில் முகம் இல்லை. வெட்டும் கை, பற்றவைக்கும் கையுறை, நூல் இழுக்கும் விரல்கள். ஒரு படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"முடிச்சு எல்லாம் தலைகீழா இருக்கு."

"தலைகீழா இல்ல. இடக்கை."

"உங்க வீட்டுக்காரரு?"

"வலக்கை. என்னை 'ஏ இடக்கைக்காரி'ன்னுதான் கூப்பிடுவான்."

அவர் மெழுகு நூல் கண்டை அவள் பக்கம் உருட்டினார். ஆர்லிஸ் கறுப்பு உடுப்பின் கைகளை மடித்துவிட்டு, மேசையில் கிடந்த மிச்ச விலா ஒன்றில் நூலைச் சுற்றி, மடித்து, நுழைத்து, இழுத்தாள். நான்கு நொடி. குபாஸ்டா முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை.

"அப்ப அவன் என்னதான் பண்ணினான்?" கார்டனின் குரல் இறங்கியிருந்தது.

"அந்த நாற்காலியில உக்காந்திருந்தான். ஆறு வருஷம். மூக்குல குழாயோட. கேமராவும் பேனாவும் அவன்கிட்ட இருந்துச்சு. நான் தப்பா வெட்டினா கத்துவான்."

"நான் நான்னு எழுதியிருக்கானே."

"நானும் கேட்டேன். 'பேனா என்னோடது'ன்னான்."

செவ்வாய்க்கிழமை அவள் விமானத்துக்குள் குனிந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். டெல்மர் நாற்காலியிலிருந்து சோதனைப் பட்டியல் படித்தான். நாற்பத்தொன்று, என்றான். ஆச்சு, என்றாள். நாற்பத்திரண்டு வரவில்லை. கையிலிருந்த போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தாள்.

குபாஸ்டா கடைசிப் பதிவேட்டில் ஒரு பக்கத்தில் நின்றார். புரொப்பெல்லரின் பளபளக்கும் மூக்குக் கூம்பைக் கிட்டத்தில் எடுத்த படம். கூம்பின் வளைவில், குள்ளமாக நசுங்கி, ஒரு நாற்காலியில் ஒரு மனிதன் தெரிந்தான். முகத்தைக் கேமரா மறைத்திருந்தது.

"இவரு யாரு?"

"படம் எடுத்தவன்."

அவர் அந்தப் பக்கத்தை மற்றவற்றைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு கணக்கிடும் தாளை எடுத்து, ஒவ்வொரு வேலையாகக் குறி போட்டுக் கூட்டினார். ஐம்பத்தெட்டு சதவீதம். ஆர்லிஸின் படிவத்தை எடுத்துத் தன் கோப்பில் வைத்தார்.

"முதல் பறப்பு யாரு?"

"நான். காத்து குறைஞ்சதும்."

"தனியாத்தான் போகணும், மிஸஸ் ஹூஸ்பி. சோதனைப் பறப்புல யாரையும் ஏத்தக் கூடாது."

"ஏத்த ஆளில்ல."

அவர் கை குலுக்கிவிட்டுப் போனார். அவர் வண்டியின் சத்தம் சோளக்காடு தாண்டும்வரை கார்டன் அசையவில்லை. மேசையில் டெல்மரின் தாள் மட்டும் கிடந்தது. ஆர்லிஸ் அதை எடுத்து நான்காக மடித்து அவன் கோட்டுப் பையில் திணித்தாள்.

"நீ வச்சுக்க."

"இத வச்சு நான் என்ன பண்ண?"

"எனக்கென்ன தெரியும்? கையெழுத்து நல்லா விழுந்திருக்கு. அன்னிக்குக் கை நடுங்கல."

கார்டன் பையை ஒரு கையால் அழுத்திக்கொண்டான். நாற்காலியைப் பார்த்தான். "அத வேணா வண்டியில போட்டுட்டுப் போகட்டா? இடத்த அடைக்குது."

"அடைக்கட்டும்."

அவன் வெளியே போனான். அவள் உள்ளேயே நின்றுகொண்டு தகரக் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பூட்டைத் தொங்கவிட்டுச் சாவியைத் திருப்பினாள். உள்ளே விமானமும் நாற்காலியும் அவளும்.