மூடி திறக்காத ஜாடி

இறைச்சிச் சாறும் ரத்தமும் கலந்து அவர் கிருமித் தீவனம் காய்ச்சும் நாளில், வாசலுக்கு வந்த தபால்காரர் கடிதத்தை வீசிவிட்டு அடுத்த தெருவில் போய்த்தான் மூச்சு விடுவார். அதனால் அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் தீவனக்காரர். வயது ஐம்பத்தாறு. அதில் உட்கார்ந்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு வாரம் தேறாது. சோற்றைக் கூட நடந்துகொண்டே சாப்பிடுகிற மனுஷன்.

அவர் வளர்த்தது குடலில் வாழும் ஒரு பாக்டீரியா. காற்று பட்டால் செத்துப்போகும். அதனால் காற்றில்லாத கண்ணாடிப் பெட்டிக்குள், சுவரோடு ஒட்டிய ரப்பர் கையுறைகளில் கையை நுழைத்துத்தான் அதைத் தொட வேண்டும். டாக்டரம்மா அதன் மரபணுவில் கைவைத்து, குழந்தைகளை வாட்டும் ஒரு வயிற்றுப்போக்குக் கிருமியின் துணுக்கைச் சட்டை மாதிரி அதற்கு மாட்டிவிட்டிருந்தார். குழந்தை ஒரு சொட்டு விழுங்கினால் போதும். பாக்டீரியா குடலில் குடியேறி, உடம்புக்குத் தினமும் அந்தச் சட்டையைக் காட்டிக்கொண்டிருக்கும். உடம்பு எதிரியை அடையாளம் தெரிந்துகொள்ளும். ஊசி வேண்டாம், அழுகை வேண்டாம்.

அந்தப் புதன்கிழமை காலை, சாயத்தாள் சோதனையில் எல்லாம் கவிழ்ந்தது. தட்டில் ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு புள்ளியாக வளரும். தாளை ஒற்றி எடுத்துச் சாயம் விட்டால், சட்டை போட்ட புள்ளி ஊதாவாகும். இருநூறு புள்ளிகளில் ஒன்று கூட ஊதாவாகவில்லை. தாள் துவைத்த வேட்டி மாதிரி வெள்ளையாகச் சிரித்தது.

"வெள்ளிக்கிழமை மேலிடத்துக்காரங்க வர்றாங்க. இதைக் காட்டினா இந்த வேலையையே மூடிடுவாங்க" என்றார் டாக்டரம்மா. தீவனக்காரரின் மகள் வயது அவருக்கு. மூன்று நாளாகத் தூங்காத முகம். "சட்டை இதுக்கு ஒத்துக்கலை போல. நான் பண்ண மாத்தமே தப்போ என்னவோ."

"இருக்காதும்மா! ஒவ்வொரு தடவையும் நல்லாக் கொழுகொழுன்னு இருக்கிறதாப் பாத்துத்தானே எடுத்து வளர்க்கிறேன்?"

டாக்டரம்மா தாளைக் கீழே வைத்தார். "கொழுகொழுன்னு இருக்கிறதையா?"

"பின்னே? நோஞ்சானையா எடுப்பாங்க? பொடிப்பொடியா, தூசு மாதிரி சிலது வரும். அதெல்லாம் குப்பைக்கு."

"ஐயோ! சட்டையை நெய்யறதுக்கே அதோட பலம் பாதி போயிடும். வேலை செய்யறது இளைச்சுத்தான் இருக்கும். சட்டையைக் கழட்டி எறிஞ்சிட்டுச் சும்மா தின்னுட்டுக் கிடக்கிறது எதுவோ, அதுதான் கொழுக்கும்!"

தீவனக்காரருக்குக் காது இரண்டிலும் ரயில் ஓடியது. ஆறு மாதமாக வாரா வாரம் உருப்படாததுகளாகப் பொறுக்கி ஊட்டி வளர்த்திருக்கிறார். உறைபெட்டியில் சேமித்திருந்த பழைய கிருமிக் குழாய்களைத் தூக்கிப்போட்டு, அந்த இடத்தில் இந்தச் சோம்பேறிகளையே பெருமையாக நிரப்பியதும் அவர்தான். மிச்சமிருந்த கடைசிப் பழைய குழாயைப் போன வாரம்தான் தட்டுகளில் விதைத்தார். திங்களன்று அதிலும் கொழுத்ததை எடுத்துக்கொண்டு, நோஞ்சான்களைத் தட்டோடு ஜாடியில் போட்டுக் கழிவுக்கு அனுப்பிவிட்டார்.

கழிவு, கிருமியெல்லாம் சாவதற்காகப் புதன் காலை பதினொரு மணிக்கு ஆவியில் வேகும். மணி பதினொன்று ஐந்து.

லிஃப்டுக்குக் காத்திருக்க அவருக்கு ஏது பொறுமை? மூன்று மாடிப் படிகளை நாலே எட்டில் தாண்டினார். குறுக்கே வந்த கணக்கர் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றதாகப் பிறகு கேள்வி.

கீழ்த்தளத்து ஆவி அறைக்கு ராணி அவருடைய அண்ணி, கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. ஆவி இயந்திரம் 'உஸ்'ஸென்று சீறிக்கொண்டிருந்தது. ஆரம்பித்துவிட்டால் முடியும்வரை கதவு திறக்காது.

"போச்சு! எல்லாம் வெந்து போச்சு!" என்று தலையில் கைவைத்து, வாழ்நாளில் முதல்முறையாகத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வாங்க தம்பி. நானே ஆள் அனுப்பலாம்னு இருந்தேன்" என்றார் அண்ணி, கையைத் துடைத்துக்கொண்டே. "மூடியைத் திறந்து அனுப்புங்க, மூடின ஜாடி ஆவியில வெடிக்கும்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்? கூரையைப் பாருங்க!"

முன்பு ஒரு மூடி பறந்து கூரையில் பள்ளம் விழுந்திருந்தது. அண்ணி சொல்லச் சொல்ல அது வருஷத்துக்கு ஓர் அங்குலம் ஆழமாகிக்கொண்டிருந்தது.

"அதனால உங்க ஜாடியை மட்டும் வேக வைக்கலை. டாக்டரம்மா கண்ணு முன்னாடி வச்சு உங்க மானத்தை வாங்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்."

ஸ்டூலின் மேல் இருந்தது ஜாடி. காற்றில்லாப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மூடி, பூட்டியபடியே! மேலே ஒரு சீட்டு: 'இந்த ஜாடியின் மகாராஜா நேரில் வந்து திறக்கவும்.'

அவர் எழுவதற்குள் அண்ணி ஜாடியைத் தூக்கினார். "இருங்க, எப்படித் திறக்கறதுன்னு நானே காட்டறேன்." கட்டைவிரல் மூடியின் கொக்கிக்குப் போனது.

"அண்ணி! திறக்காதீங்க!"

"இருபது வருஷமா நான் திறங்கங்கறேன். இப்போ திறக்காதேங்கறீங்களா?"

"காத்துப் பட்டா செத்துடும் அண்ணி! உலகத்துல மிச்சம் இருக்கிறதே அது மட்டும்தான்!"

கட்டைவிரல் கொக்கியிலேயே இருந்தது. "யார் மேல தப்பு?"

"என் மேல."

"சத்தமா."

"என் மேலதான்! மூடி தப்பு, பொறுக்கினது தப்பு, உறைபெட்டியை நிரப்பினது தப்பு, உங்க கல்யாணத்துல பாயசத்தைக் கொட்டினதும் நான்தான்!"

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்" என்று ஜாடியை நீட்டினார் அண்ணி.

தீவனக்காரர் மாடிக்கு ஓடி, கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டைத் திறந்து, இருப்பதிலேயே ஒல்லியான, கண்ணைச் சுருக்கினால்தான் தெரிகிற ஐம்பது புள்ளிகளை எடுத்துப் புதுத் தட்டில் வைத்தார். பக்கத்திலேயே ஒன்று மொழுமொழுவென்று பளபளத்தது. கை தானாக அங்கே போனது. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று.

அப்புறம் இரண்டு நாள் காத்திருப்பு. அவர் நடந்த நடையில் தாழ்வாரத்தின் தரை அரை அங்குலம் இறங்கியது. வீட்டில் மனைவி, "ஒண்ணு படுங்க, இல்ல தெருவுல போய் நடங்க. கட்டிலைச் சுத்தாதீங்க, எனக்குத் தலை சுத்துது" என்றார். தெருவில் நடந்தார். நோஞ்சான்கள் வளராவிட்டால்? வளர்ந்தும் ஊதாவாகாவிட்டால்? டாக்டரம்மாவின் ஐந்து வருஷ உழைப்பு ஒரு கொழுத்த புள்ளியிடம் தோற்றுப்போகும்.

வெள்ளி காலை தாளை ஒற்றிச் சாயம் விட்டார்கள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஓர் ஓரத்தில் ஊதா. பிறகு இன்னொன்று. ஐம்பதில் முப்பத்தொன்று! டாக்டரம்மா எண்ணி முடிப்பதற்குள் அவர் மேசையை ஏழு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"இதுவரைக்கும் ஏன் வரலைன்னு கேப்பாங்களே" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

"நான் சொல்றேம்மா."

மேலிடத்துக்காரர்கள் ஐந்து பேர் முன்னால் நின்றுகொண்டே சொன்னார். "கிருமியிலே குறை இல்லைங்க. பொறுக்கின கையிலதான் குறை." அவர்கள் தாளைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடி தாளைப் பார்த்தார்கள். வேலை இன்னும் ஒரு வருஷம் நடக்கட்டும் என்றார்கள். உறைபெட்டிச் சாவியை மட்டும் டாக்டரம்மாவே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அது அவருக்குச் சுருக்கென்றது; சாவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் கழிவு ஜாடிகளை அவரே கீழே தூக்கிப் போனார். ஆறு ஜாடி, ஆறு மூடியும் திறந்து, வரிசையாக, சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி.

நோஞ்சான்களின் கதையை அதற்குள் கேட்டிருந்த அண்ணி ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

"என்ன தம்பி, எல்லாத்தையும் திறந்துட்டீங்க? உள்ள ஏதாவது ஒல்லியானது மிச்சம் இருந்துச்சுன்னா?"