ஒரு சுமித்ரா, இரண்டு நிறம்

கருப்பாயி அத்தை இரண்டு படங்களையும் மேசையில் அருகருகே வைத்தார். கலவானையிலிருந்து பஸ் மாறி, கஹவத்தைக்கு வந்து, எங்கள் தோட்டத்து மேட்டை நடந்தே ஏறியவர். தேத்தண்ணியைத் தொடவில்லை.

“இதுல யாரு சுமித்ரா?”

“ரெண்டும் எங்க அக்காதாங்க.”

“போன மாசம் சாதகத்தோட குடுத்தது வெள்ளையா இருக்கு. போன கிழமை என் தம்பி இன்னொண்ணு கேட்டதுக்கு இந்தக் கறுப்ப அனுப்பியிருக்கீங்க. வெள்ளையா இருக்கறது நீதானே, ஹரி புள்ள? தங்கச்சியக் காட்டி அக்காவக் கட்டி வச்சா நாங்க யாருகிட்ட போய்ச் சொல்றது?”

அவருடைய தம்பி மகன் மதுசனுக்குத்தான் அக்காவைப் பேசியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா இரத்தினபுரியில் மருந்துக் கடை வேலைக்குப் போயிருந்தாள். வர ஆறு மணியாகும். அப்பாவும் அம்மாவும் மலையில் தேயிலை வேலையில். அத்தைக்கு மூன்றரை மணி பஸ். அதற்குள் அவர் நம்பாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள்.

படங்களை அச்சடித்தவள் நான். பாலர் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் படம் அடிக்க வாங்கிய சின்னப் பிரிண்டர் அது.

“கறுப்புக்குத் தாள்தாங்க காரணம். சாதாரணத் தாள் மைய உறிஞ்சும். பளபளப்புத் தாள் மேலேயே நிறுத்தும். எந்தத் தாள்னு மிஷினுக்குச் சொல்லணும். பளபளப்பு முடிஞ்சு சாதாரணத் தாள வச்சேன், சொல்ல மறந்துட்டேன். அது பளபளப்புன்னு நெனச்சு மைய ஊத்திருச்சு.”

“அப்ப வெள்ளைக்கு என்ன சொல்ற?”

இந்தக் கேள்வி வரக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். “வெளிச்சத்த ரெண்டு புள்ளி ஏத்துனேன். அக்கா கேக்கல. நானாத்தான்.”

“ம். ரெண்டு புள்ளி ஏத்துனவ நாலு ஏத்த மாட்டாளா?”

அத்தை எழுந்து வெளியே போனார். எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் தேயிலைச் செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்திரண்டு வருசம் கொழுந்து எடுத்த கை.

“இத அடி. பொம்பளைக்குப் பவுடர் பூசலாம். கொழுந்த எனக்குத் தெரியும்.”

அக்காவைப் படம் பிடித்த அதே போனில் கொழுந்தைப் பிடித்தேன். தாளின் வகையைச் சரிப்படுத்தி, வெளிச்சத்தைப் பழைய இடத்துக்கு இறக்கி அச்சடித்தேன். அத்தை தாளையும் கொழுந்தையும் வாசல் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்தார்.

“இது முத்துன எல. நீலம் ஓடுது.”

சரியாகச் சொன்னார். பிரிண்டரிடம் பச்சை மை கிடையாது. நீலப் புள்ளியையும் மஞ்சள் புள்ளியையும் நெருக்கி வைத்து நம் கண்ணைப் பச்சை என்று நம்ப வைக்கிறது. எங்களுடையதில் நீலம் கொஞ்சம் முந்திக்கொள்ளும். நீலத்தை எட்டு குறைத்தேன், மஞ்சளை மூன்று கூட்டினேன்.

“இப்ப வெளிறிப் போச்சு. மழ இல்லாத மாசத்துக் கொழுந்து.”

நீலத்தை இரண்டு திருப்பிக் கொடுத்தேன். மூன்றாவது தாளை அத்தை வெகுநேரம் பார்த்தார். கொழுந்தைத் தாள் மேலேயே வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

“ஹரி. எதையும் தொடாம இப்ப ஒங்க அக்காவ அடி. ஒங் கைய மடியில வச்சுக்க.”

அச்சடிக்கும் பொத்தானை அவரையே அழுத்தச் சொன்னேன். அக்கா நெற்றியிலிருந்து வரிவரியாக வந்தாள். இரண்டு படத்துக்கும் நடுவான நிறம். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராப் படியில் சின்ன வயதில் விழுந்ததில் வந்த சின்னத் தழும்பு புருவத்துக்கு மேலே தெரிந்தது. முதல் படத்தில் வெளுத்தும் இரண்டாவதில் இருண்டும் மறைந்துபோயிருந்தது அது.

அத்தை என் புருவத்தைப் பார்த்தார். தழும்பு இல்லை.

“அப்ப நீ இல்ல,” என்றார். ஆறிய தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

“அத்தை, மதுசனோட படம் ஒங்க போன்ல இருக்குங்களா? செட்டிங் அப்படியே இருக்கு. ஒண்ணு அடிச்சுப் பாப்போமா?”

அவர் கை போனுக்குப் போகாமல் பையின் வாயை இழுத்து மூடியது.

“பஸ் போயிரும் புள்ள. அவனையேதான் ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வர்றேனே.”

மேட்டை அவர் வேகமாகத்தான் இறங்கினார். அவர்கள் அனுப்பியிருந்த மதுசனின் ஸ்டூடியோ படத்தை அலுமாரியிலிருந்து எடுத்து, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன்.