இரண்டாவது ப்ராசசர்

நிலத்தடி நீர்மட்டம் பற்றி எண்பது கணக்குகள். ஒன்றின் விடையிலிருந்துதான் அடுத்தது தொடங்கும். என் லேப்டாப்பில் ஒரு கணக்குக்கு இரண்டு மணி நேரம் ஆனது. கடலூர் நிறுவனம் கொடுத்த கெடு வெள்ளிக்கிழமை. தவறினால் முதல் வேலையே கடைசி வேலை.

சனிக்கிழமை அப்பாவும் நானும் வடலூரில் ஆல்பின் கடைக்குப் போனோம். பழைய கம்ப்யூட்டர் விற்பவர். ஒரே விலையில் இரண்டு இருந்தன. ஒன்றில் இரண்டு ப்ராசசர், கொஞ்சம் பழையது. மற்றதில் ஒன்றுதான், புதியது.

"ரெட்டையே எடுத்துக்கலாம்" என்றார் அப்பா. அவர் மைன்ஸில் பம்ப் ஆபரேட்டர். அங்கே ஓடும் பம்ப் நின்றால் பக்கத்திலிருக்கும் ஸ்டாண்ட்பை பம்ப் வேலையை எடுத்துக்கொள்ளும்.

"கரெக்டா புடிச்சிட்டீங்க சார்" என்றார் ஆல்பின்.

வெளியாட்கள் முன் எனக்குப் பேச்சு வராது. பென் டிரைவை நீட்டினேன். "ரெண்டுலயும் ஒரு கணக்கு ஓட்டிப் பாக்கலாங்களா?"

"பொண்ணு பாக்கறவங்க கூட இவ்ளோ பாக்க மாட்டாங்க மேடம்."

ஓடவிட்டு டீ குடித்தோம். ஒற்றை அரை மணியில் முடித்தது. இரட்டை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் திரையில், ப்ராசசர்கள் எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டும் படத்தில், ஒரு பாதி மட்டும் துடித்தது. மறுபாதியில் தட்டையான கோடு.

"இந்தப் பக்கம் ஏன் சும்மா கெடக்குது?" என்றார் அப்பா.

"அதான் சார் ஸ்டாண்ட்பை."

அப்பா என்னைப் பெருமையாகப் பார்த்தார். இரட்டைப் பெட்டி எந்த நொடியும் ஸ்கூட்டரில் ஏறிவிடும்.

"இல்லைங்க" என்றேன். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "ஒண்ணு போச்சுன்னா மொத்த மெஷினும் நின்னுடும். நூறு வேலை ஒரே நேரத்துல ஓட்டறவங்களுக்கு ரெண்டு இருந்தா நல்லது. என் கணக்கு வரிசையா போறது. வேகமான ஒண்ணு போதும்."

ஆல்பின் டீ கிளாஸைத் துடைக்கத் தொடங்கினார்.

அப்பா தட்டைக் கோட்டையே பார்த்தார். "ஓடறது நின்னாலும் இது எடுக்காதா?"

"எடுக்காதுப்பா."

"எங்க பம்ப் ஹவுஸ்ல இருந்திருந்தா இதுக்கு மெமோ குடுத்திருப்பாங்க" என்றார். "ஒத்தையையே கட்டுங்க தம்பி."

செவ்வாய்க்கிழமை காலை எண்பதையும் அனுப்பிவிட்டேன். மதியமே அடுத்த வேலைக்கான கோப்பு வந்தது. அப்பாவிடம் சொல்லப் போனேன். அவர் ஷிப்ட் நண்பர் தனகோடியிடம் போனில் இருந்தார்.

"ரெட்டைன்னா ஸ்டாண்ட்பைன்னு நெனச்சிக்கினு இருக்காதப்பா. அது வேற, இது வேற. எனக்குக் கடையிலயே சந்தேகம்."

நான் கதவருகில் நின்று, அவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.