மஞ்சள் பூச்சுக்கு அடியில்

அந்த இரும்பு வார்ப்பாலையில் சோதனைக்கு ஆள் வருகிறார் என்றால் முதல் நாளே பெயின்ட் டப்பாக்கள் திறந்துவிடும். படிக்கட்டு, கைப்பிடி, கிரேனின் கொக்கி, கொக்கியைத் தாங்கும் கப்பி, எல்லாவற்றுக்கும் மஞ்சள். பழைய பூச்சைச் சுரண்டுகிற வழக்கம் கிடையாது. அதன் மேலேயே இன்னொரு பூச்சு. வருகிறவர் கண்ணுக்கு எல்லாம் புதிதாகத் தெரிந்தால் போதும்.

சோதனையாளர் வந்தபோது கொக்கியைத் தரைவரை இறக்கி வைத்திருந்தார்கள். கப்பியின் நடுவே செருகியிருந்த முழ நீள எஃகு அச்சைத்தான் அவர் பார்க்க வேண்டும். தூக்குகிற மூன்று டன் வார்ப்பும் அந்த ஒன்றில்தான் தொங்குகிறது. மேலாளர் அறிக்கையைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்திருந்தார். 'குறை ஏதும் இல்லை.' கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

"போன வருஷம் நீங்க குடுத்ததுதான் சார். தேதிய மட்டும் மாத்திட்டோம். உங்களுக்கும் வேலை மிச்சம்."

கிரேன் ஓட்டும் அம்மாள் இறங்கி வந்து பக்கத்தில் நின்றாள். "ஒரு மாசமா பாரத்தை எடுக்கும்போதெல்லாம் டக்குனு சத்தம் கேக்குது சார். மூணு தடவ எழுதிக் குடுத்துட்டேன்."

"மேல தனியா உக்காந்திருந்தா காதுல ஏதாவது கேக்கத்தான் செய்யும்," என்று சிரித்தார் மேலாளர். "மத்த ரெண்டு ஷிப்ட்காரங்க வாயத் தொறக்கலையே."

"தொறந்தவங்கள கழிவறை கழுவ அனுப்பினா யாரு தொறப்பா?"

சோதனையாளர் காதில் வாங்காதவர்போல அச்சின் மஞ்சள் பூசிய முகப்பில் ஒலியைக் கடத்தும் பசை தடவி, கருவியின் முனையை அழுத்தினார். மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை அது எஃகுக்குள் அனுப்பும். வழியில் விரிசல் இருந்தால் ஒலி மோதித் திரும்பி, திரையில் ஒரு கோடாக எழும். திரை காலியாக இருந்தது.

"பாத்தீங்களா, துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு." மேலாளர் பேனாவை நீட்டினார். சோதனையாளர் வாங்கியும் விட்டார்.

"தெரியாமத்தான் கேக்குறேன் சார்," என்றாள் அந்த அம்மாள். "விரிசலே இல்லன்னா அந்தச் சத்தம் எங்க போகும்?"

"கடைசி முனை வரைக்கும் போய், அங்க முட்டித் திரும்பும்மா."

"அப்ப அதுக்கும் ஒரு கோடு வரணும்ல?"

அவர் முகம் சுண்டிப்போனது. பயிற்சியின் முதல் நாள் சொல்லித்தந்த பாடம் அது. எஃகுக்குள் நொடிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர் பாய்கிற ஒலி, மயிரிழை அளவு காற்று குறுக்கே வந்தால் அங்கேயே திரும்பிவிடும். உரிந்து நின்ற மஞ்சள் பூச்சுக்கு அடியில் காற்று. ஒலி எஃகைத் தொடவே இல்லை. போன வருடமும் தொட்டிருக்காது. ஓராண்டாக ஆட்கள் அந்த அச்சுக்குக் கீழே நடமாடியது அவர் கையெழுத்தை நம்பி.

கத்தியால் சுரண்டினார். ஏழெட்டு அடுக்கு பெயர்ந்தது. எஃகு பளிச்சிட்டதும் பசை தடவி மறுபடி வைத்தார். கடைசி முனையின் கோடு நோஞ்சானாக எழுந்தது. அதற்கு வெகு முன்னால், இரு மடங்கு உயரத்தில், இன்னொரு கோடு.

"அச்சோட கனத்துல பாதிக்கு மேல விரிசல் விட்டுப்போயிருக்கு," என்றார்.

மேலாளர் கிட்டே வந்தார். "ஞாயித்துக்கிழமை மாத்திடலாம் சார். சரக்கு வெள்ளிக்கிழமை போயாகணும். ஒரு வருஷம் தாங்கினது நாலு நாள் தாங்காதா?"

"அந்த நாலு நாளும் இதுக்குக் கீழ நாற்காலி போட்டு உக்காருங்க. நான் கையெழுத்துப் போடுறேன்."

சோதனையாளர் 'குறை ஏதும் இல்லை' என்பதை அடித்து, 'கிரேனை இயக்கக் கூடாது' என்று எழுதினார். அதன் கீழே, 'சென்ற ஆண்டு நான் தந்த அறிக்கை செல்லாது; ஒழுங்காகச் சோதிக்காமல் கையெழுத்திட்டேன்' என்றும் எழுதினார்.

"உங்க லைசென்ஸே போயிடும் சார்."

"போகட்டும். திரையில ஒண்ணும் வரலன்னதும் குறையே இல்லன்னு எழுதினவன் நான். இந்தம்மா எழுதினத மேசையிலேயே நிறுத்திட்டு, யாரும் வாயத் தொறக்கலன்னு சொல்றவர் நீங்க. சத்தம் வரலங்கிறது எல்லாம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல. நாம உள்ள போய்க் கேக்கவே இல்லன்னு அர்த்தம். ஆளு சாகிறது விரிசலால மட்டும் இல்ல, அதக் கேக்காம கையெழுத்துப் போடுறவனாலயும்தான்."